வலித்தால் கையைத் தூக்குங்கள்

நம் பல் டாக்டருக்கு இரண்டு ஆசைகள். ஒன்று, யாருக்கும் வலிக்காமல் பல் பிடுங்க வேண்டும். இன்னொன்று, எழுத்தாளர் ஆக வேண்டும். இந்த இரண்டும் ஒரே ஆளுக்கு வந்தால் உருப்படாது என்று அவருக்கு யாரும் எடுத்துச் சொல்லவில்லை. சொல்ல வேண்டியவர்கள் எல்லோரும் அவருடைய நாற்காலியில் வாயைத் திறந்துகொண்டு படுத்திருந்தார்கள்.

கைபேசிக் கடைக்கு மேலே, முதல் மாடியில் கிளினிக். கைப்பிடி கிழிந்து டேப் ஒட்டிய பச்சை நாற்காலி, தலைக்கு மேலே விளக்கு, பக்கத்தில் துப்புவதற்குத் தொட்டி. ஆள் சாய்ந்து, பஞ்சு வைத்து, எச்சில் உறிஞ்சும் குழாயையும் வாயோரம் மாட்டிய பிறகு டாக்டர் தான் எழுதிக்கொண்டிருக்கும் நாவலைச் சொல்ல ஆரம்பிப்பார். ஓர் அத்தியாயம் முடிந்ததும், "எப்படி இருக்கு?" என்று கேட்பார். "ஆ… ஆ…" என்று பதில் வரும். அதைப் பாராட்டுக் கணக்கில் எழுதிக்கொள்வார். இப்படிப் பல வருடங்களில் அவர் சேர்த்து வைத்திருந்த பாராட்டு எந்த எழுத்தாளருக்கும் கிடைத்திருக்காது.

வேலையில் அவருக்கு ஒரே ஒரு சட்டம் உண்டு. "வலிச்சா இடது கையைத் தூக்குங்க, உடனே நிறுத்திடுறேன்." சொன்னதோடு விடுகிற ஆள் இல்லை, அப்படியே நிறுத்தியும் விடுவார். காதைச் சொறியக் கையைத் தூக்கினாலும் நிறுத்தி, இரண்டடி பின்னால் போய், முகம் வெளுத்து நிற்பார். அடுத்தவர் முகம் சுருங்குவதை அவரால் பார்க்க முடியாது. அதனால் மற்ற டாக்டர்கள் இரண்டு தடவையில் முடிக்கிற வேர் சிகிச்சை இவரிடம் தொடர்கதையாக ஓடும். ஜனங்கள் இவரை 'வலிக்காத டாக்டர்' என்றார்கள். பல் அப்படியே இருக்கிறதே என்று கேட்டால், "ஆனா மனுஷன் தங்கம்" என்றார்கள்.

நாவலின் பெயர் 'ஏழு தட்டு'. மூன்றாவது மாடியில் இரண்டு அறை உள்ள ஒரு வாடகை வீடு. அப்பா, அம்மா, அக்கா, அண்ணன், கடைக்குட்டிப் பையன், இரண்டு நாள் தங்கிப் போகிறேன் என்று வந்த சித்தப்பா, கணவரோடு கோபித்துக்கொண்டு பெட்டியோடு வந்த அத்தை. ஏழு பேருக்கும் ஒரே குளியலறை. நாவலின் பாதிச் சண்டைகள் அந்தக் கதவுக்கு முன்னால்தான் நடக்கும். கடைக்குட்டி யார் என்று சொல்ல வேண்டியதில்லை. பெயர்களை எல்லாம் மாற்றிவிட்டதாக டாக்டர் பெருமையாகச் சொல்லிக்கொண்டார். சித்தப்பாவின் பெயரை மாற்றியவர் அவருடைய இருமலை மாற்ற மறந்துவிட்டார்.

பதிப்பகங்களுக்கு அனுப்பிப் பார்த்தார். ஒன்று பதிலே போடவில்லை. ஒன்று, மிகவும் நன்றாக இருப்பதால் வெளியிட இயலவில்லை என்பது போல ஏதோ எழுதியிருந்தது. டாக்டர் முகம் தொங்கிப்போய்த் திரிந்தபோதுதான் மனைவியின் தம்பி வீட்டுக்கு வந்தான். கம்ப்யூட்டர் வேலை பார்ப்பவன். உலகத்தில் எந்தப் பிரச்சினைக்கும் ஒரு இணையதளம் உண்டு என்று நம்புகிறவன்.

"மாமா, இப்பல்லாம் யாரு பதிப்பகம் பதிப்பகமா ஏறி இறங்குறாங்க? ஃபைலை ஏத்தி விட்டா வேலை முடிஞ்சுது. யாராவது ஆர்டர் போட்டா, மெஷின் ஒரே ஒரு காப்பி அடிச்சு, அட்டை ஒட்டி, அவங்க வீட்டுக்கே அனுப்பிடும்."

"யாரும் ஆர்டர் போடலைன்னா?"

"அடிக்கவே அடிக்காது. கட்டிலுக்கு அடியில புத்தக மூட்டை வேணாம், கரையான் வேணாம், ஒண்ணும் வேணாம்."

இதைக் கேட்டு முதலில் முகம் மலர்ந்தது டாக்டரின் மனைவிக்குத்தான். பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். கட்டிலுக்கு அடியில் ஏற்கெனவே என்னென்ன இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும்.

"அடிச்சப்புறம் ஏதாவது தப்பு இருந்தா?" என்று டாக்டர் கேட்டார்.

"எப்ப வேணா மாத்தலாம் மாமா. புது ஃபைலை ஏத்தினா, அடுத்த காப்பியிலிருந்து புதுசுதான் வரும்."

இந்தக் கடைசி வாக்கியத்தை மட்டும் மச்சான் சொல்லாமல் இருந்திருக்கலாம். வினையை விலைகொடுத்து வாங்குவது என்பார்களே, அந்த வினை இலவச இணைப்பாக வந்து சேர்ந்தது.

அட்டைப் படமும் அந்தத் தளத்திலேயே தயாரானது. ஏழு வெள்ளைத் தட்டுகள், சிவப்பு மேஜையில், அரை வட்டமாக. நூலாசிரியர் பெயருக்குக் கீழே 'பல் மருத்துவர்' என்று போட்டார்கள்.

"தட்டு மாதிரி இல்லீங்க, பல் செட்டு மாதிரி இருக்கு" என்றாள் மனைவி. டாக்டர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பின்னால் முகம் தெரியாத ஒரே ஒரு வாசகர் அந்தப் புத்தகத்தை வாங்கி, ஒற்றை நட்சத்திரம் கொடுத்து, 'ஈறுகளைப் பற்றி ஒன்றுமே இல்லை' என்று எழுதியபோதுதான் அவருக்கு உறைத்தது.

ஆனால் டாக்டர் அந்த நாவலை எழுதியது முகம் தெரியாதவர்களுக்காக இல்லை. ஒரே ஒருத்திக்காக. அக்காவுக்காக.

அக்கா அவரைவிடப் பத்து வயது மூத்தவள். பெரிய ஆஸ்பத்திரியில் தலைமை நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். அவள் வார்டுக்குள் நுழைந்தால் வலியில் முனகுகிறவர்கள்கூட ஒரு நிமிடம் நிறுத்திவிட்டு முனகுவார்களாம். அப்பாவுக்கு வேலை போன வருடம், படிப்பை முடித்த கையோடு நைட் டூட்டிக்குப் போக ஆரம்பித்து, அந்த ஏழு தட்டிலும் சோறு விழச் செய்தது அவள்தான். அதைப் பற்றி அவள் பேசியதே கிடையாது. மற்றவர்களும் பேசவில்லை. பேசினால் நன்றி சொல்ல வேண்டி வருமே.

நாவலின் நடுவில் 'ஒற்றை ஷூ' என்று ஒரு அத்தியாயம். ஒரு மழை நாளில் கடைக்குட்டி, அக்காவின் வெள்ளை டூட்டி ஷூ ஒன்றை எடுத்துப் போய்ச் சாக்கடைத் தண்ணீரில் கப்பல் விடுகிறான். கப்பல் நன்றாகத்தான் போகிறது, திரும்பி மட்டும் வரவில்லை. அவளுக்கு இருந்ததோ அந்த ஒரே ஜோடி. சாயங்காலம் செருப்போடு டூட்டிக்குப் போய், எல்லோர் முன்னாலும் திட்டு வாங்கி, மறுநாள் காலையில் வந்து கடைக்குட்டியை ஓர் அறை விடுகிறாள். பிறகு குளியலறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டு குழாயைத் திறந்து விடுகிறாள். வாளி நிரம்பி வழிகிறது, குழாய் நிற்கவில்லை. வெளியே கன்னத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிற பையனுக்கு மட்டும், தண்ணீர்ச் சத்தத்துக்கு நடுவே வேறொரு சத்தம் கேட்கிறது.

இந்த அத்தியாயத்தை டாக்டர் எந்த நோயாளியிடமும் சொன்னதில்லை. எழுதும்போது அழுதார், திருத்தும்போதும் அழுதார். 'அன்று நான் கேட்டேன் அக்கா' என்று அவளிடம் சொல்ல அவருக்கு வேறு வழி தெரியவில்லை. அதற்காகவே மற்ற அத்தனை அத்தியாயங்களையும் எழுதினார் என்றுகூடச் சொல்லலாம். அக்கா அதைப் படித்துவிட்டு என்ன சொல்வாள் என்பதுதான் அவருக்கு வேண்டியிருந்தது. அதற்குத்தான் பயமாகவும் இருந்தது.

புத்தகம் வந்துவிட்டது என்று சொன்னதும் அக்கா, "கண்ணுக்கு ஆபரேஷன் பண்ணியிருக்கேன்ல, ஆறட்டும், வாங்கிப் படிக்கிறேன்" என்று போனை வைத்துவிட்டாள்.

முதலில் ஆர்டர் போட்டது சித்தப்பா. புத்தகம் கைக்குப் போன மறுநாள் போன் வந்தது. முதலில் இருமல், பிறகு குரல்.

"டேய் சின்னவனே, ரெண்டு நாள் தங்க வந்தவரு வருஷக்கணக்கா சோபாவுல படுத்திருந்தாருன்னு ஒருத்தரைப் பத்தி எழுதியிருக்கியே, யாருடா அது?"

"அது கற்பனைப் பாத்திரம் சித்தப்பா."

"கற்பனைக்கு எதுக்குடா என் இருமல்? என் மருமக படிச்சுட்டுச் சிரிக்கிறாடா. இந்த வயசுல எனக்கு இது தேவையா? நெஞ்செல்லாம் வலிக்குதுடா."

வலிக்குது. அந்த ஒரு சொல் போதும். டாக்டர் கண்ணுக்கு, போனுக்கு அந்தப் பக்கம் ஒரு இடது கை உயர்ந்து நின்றது. உடனே நிறுத்தினார். அன்றே நாவலில் சித்தப்பா சோபாவை விட்டு எழுந்து, தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்து, சம்பளத்தை அண்ணியின் கையில் கொடுத்தார். மச்சான் புது ஃபைலை ஏற்றினான். புதுப் பிரதி சித்தப்பா வீட்டுக்குப் போனது. பழையதைக் கிழித்துக் குப்பையில் போட்டுவிட்டதாக அவர் சொன்னார்.

அடுத்து அண்ணன். சின்ன வயதில் கெட்டிப்பால் டப்பாவைத் திருட்டுத்தனமாகத் திறந்து, ஒரு சொட்டு விடாமல் நக்கித் தீர்த்து, பழியைத் தம்பி மேல் போட்டவன். இன்று அவன் குடியிருப்போர் சங்கத்தின் தலைவர். மாடியில் தண்ணீர்த் தொட்டியை யார் திறந்தது என்று மற்றவர்களை விசாரிக்கிற பதவி.

"தம்பி, சங்கத்துல பாதிப் பேர் உன் புக்கை ஆர்டர் போடப் போறேங்கிறாங்க. டப்பா விஷயம் வெளிய வந்தா என் மானம் கப்பல் ஏறிடும். உன் கூடப் பொறந்தவனை நீயே இப்படிப் பண்ணலாமா?"

இன்னொரு கை. டாக்டர் நிறுத்தினார். ஆனால் கதையில் டப்பா காலியாக வேண்டியது கட்டாயம், இல்லாவிட்டால் அதற்கப்புறம் வருகிற சண்டைக்குக் காரணமே இல்லை. யோசித்து யோசித்து, திருட்டை அத்தையின் தலையில் கட்டினார். அத்தைக்குக் கண் சரியாகத் தெரியாது, படிக்க மாட்டாள் என்பது அவர் கணக்கு.

அத்தைக்குக் கண் தெரியாவிட்டால் என்ன, காது கேட்குமே. பேத்தியைப் படிக்கச் சொல்லிக் கேட்டாள். அந்தப் போனில் டாக்டர் பேசியது மொத்தம் ஒரே ஒரு வார்த்தைதான். "சரிங்கத்தை."

அடுத்த பதிப்பில் டப்பாவை ஒரு பூனை திறந்தது.

"மூடி இறுகின டப்பாவைப் பூனை எப்படிங்க திறக்கும்?" என்று கேட்டாள் மனைவி. பரீட்சைத்தாள் திருத்திக்கொண்டிருந்தவள், அதே சிவப்புப் பேனாவோடு இவர் பக்கம் திரும்பியிருந்தாள்.

"கதைதானே. திறக்கும்."

"மூணாவது மாடிக்குப் பூனை எப்படி வந்துச்சு?"

"படியில ஏறி."

அவள் திருத்திக்கொண்டிருந்த தாளில் ஒரு பெரிய தப்புக்குறி போட்டாள். அது மாணவனுக்கா, இவருக்கா என்று டாக்டர் விசாரிக்கப் போகவில்லை.

இதற்குள் கண் ஆறிவிட்டது, ஆர்டர் போடப் போகிறேன் என்று அக்கா சொல்லி அனுப்பினாள். டாக்டருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. சோபாவில் படுத்த சித்தப்பாவுக்கே நெஞ்சு வலித்ததென்றால், யாருக்கும் கேட்கக் கூடாது என்று குழாயைத் திறந்துவிட்டு அழுதவளுக்கு எப்படி வலிக்கும்? அவள் முகம் சுருங்குவதை அவர் மனதுக்குள் ஒருமுறை பார்த்தார். அதற்கு மேல் அவரால் பார்க்க முடியவில்லை. யாரும் கையைத் தூக்காமலேயே சண்டைகளை எல்லாம் வெட்டி, 'ஒற்றை ஷூ' அத்தியாயம் முழுவதையும் எடுத்துவிட்டார். அந்த இடத்தில் ஒரு புது அக்காவை வைத்தார். புன்னகை மாறாதவள், தியாகத் தீபம், தென்றலுக்கே தாலாட்டுப் பாடுகிறவள். எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துவது என்று கேள்விப்பட்டிருக்கிறோம். கொளுத்திவிட்டுச் சாம்பலில் கோலம் போட்டவர் இவர் ஒருவர்தான்.

மச்சான் போன் செய்தான். "மாமா, பக்கம் ரொம்பக் குறைஞ்சுபோச்சு. புக்கோட முதுகுல, அதான் ஓரத்துல, தலைப்பு போட இடம் பத்தாதுன்னு தளம் சொல்லுது. முதுகை வெறுமையா விடவா?"

"விட்டுடு" என்றார் டாக்டர் சோர்ந்த குரலில்.

பக்கத்தில் இருந்த மனைவி, "முதுகுதான் அந்தப் பூனை வந்தப்பவே போயிடுச்சே" என்று சொல்லிவிட்டு விளக்கை அணைத்தாள்.

சித்தப்பாவின் பிறந்தநாள் வந்தது. அண்ணன் வீட்டில் விருந்து. சாப்பிட்டு முடித்து எல்லோரும் கூடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். கையெழுத்து வாங்கலாமென்று ஆளுக்கொரு 'ஏழு தட்டு' கொண்டு வந்திருந்தார்கள். டாக்டர் பேனாவோடு ஒரு நாற்காலியில் கூச்சமாகவும் குஷியாகவும் உட்கார்ந்தார். வாழ்க்கையில் முதல் தடவையாக, வாயை மூடிய வாசகர்கள்.

சித்தப்பாதான் ஆரம்பித்தார். "என் பிறந்தநாளுக்கு ஒரு பக்கம் படிக்கிறேன், கேளுங்க. எனக்குப் பிடிச்ச இடம்" என்று இருமிவிட்டு, டப்பாத் திருட்டைப் படித்தார். உதட்டோரம் கெட்டிப்பாலோடு பெரிய பையன் கதவுக்குப் பின்னால் ஒளிந்திருக்கிற இடம் வந்ததும் விழுந்து விழுந்து சிரித்தார்.

அண்ணனின் முகம் மாறியது. "இருங்க சித்தப்பா. அதுதான் மாத்தியாச்சே! என் புக்ல அப்படி இல்லையே. அதை எடுத்தது அத்தை. இதோ பாருங்க, அச்சுலயே இருக்கு."

"என்னது!" அத்தை எழுந்தேவிட்டாள். "அதையும்தான் மாத்தியாச்சே! ஏய் குட்டி, என் புக்கை எடுத்துப் படி. சத்தமாப் படி."

பேத்தி எடுத்துச் சத்தமாகப் படித்தாள். "அப்போது அந்தப் பூனை, தன் பஞ்சுப் பாதங்களால் மூடியை மெல்லத் திருகியது."

ஒரே நேரத்தில் எல்லோரும் பேசினார்கள். அண்ணன், சித்தப்பா சம்பளம் கொடுத்தது எந்த மாதத்தில் என்று கேட்டான். சித்தப்பா, டப்பா தின்றவனெல்லாம் சங்கத் தலைவனா என்று கேட்டார். அத்தை, ஆதரவில்லாமல் வந்தவளைத் திருடி என்று எழுத உங்களுக்கு எப்படி மனசு வந்தது என்று டாக்டரை விட்டுவிட்டு அண்ணனைக் கேட்டாள். மச்சான் ஒருவன்தான் வாய் பிளந்து ரசித்துக்கொண்டிருந்தான். ஒரே புத்தகம் இத்தனை விதமாக வந்ததில் அவனுக்கு அந்தச் சேவையின் மேல் மரியாதை கூடிவிட்டது. டாக்டருக்கோ, நான்கு திசையிலும் இடது கைகள் உயர்ந்து நின்றன. யாருக்கென்று நிறுத்துவது? ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். வாயையே பிழைப்பாக வைத்திருந்த மனிதருக்கு அன்றுதான் அது புரிந்தது.

"நீ சொல்லுக்கா!" என்று அண்ணன் ஜன்னலோரம் திரும்பினான். "உன் புக்ல யாரு திருடன்?"

அக்கா கைப்பையைத் திறந்து தன் பிரதியை வெளியே எடுத்தாள். மற்றவர்களுடையதற்குப் பக்கத்தில் அது துண்டறிக்கை மாதிரி இருந்தது.

"என்னோடதுலயும் பூனைதான்" என்றாள். "ஆனா அது ஒண்ணுதான் இதுல உயிரோட இருக்கு. மத்த எல்லாரும் நல்லவங்க. ஏழு தட்டு, ஒரு தட்டுலயும் உப்பில்ல. அக்கான்னு ஒருத்தி வரா. காலைல சிரிச்சுக்கிட்டே எழுந்திரிக்கிறா, திட்டினாலும் சிரிக்கிறா, பசிச்சாலும் சிரிக்கிறா. என் வார்டுல அப்படி ஒருத்தி இருந்திருந்தா, உடனே தலையை ஸ்கேன் எடுக்க அனுப்பியிருப்பேன்."

எல்லோரும் சிரித்தார்கள். டாக்டரும் சிரிக்கப் பார்த்தார். அக்கா சிரிக்கவில்லை. அவரையே பார்த்தாள்.

"ஷூ எங்கடா?"

டாக்டர் கையிலிருந்த பேனாவை மூடினார்.

"அந்த வீட்டைப் பத்தி எழுதறேன்னியே, அது வராம இருக்காதுன்னு முதல் பக்கத்துலேருந்து தேடிக்கிட்டே வந்தேன். கடைசிப் பக்கம் வரைக்கும் இல்ல. அன்னைக்கு ஒரு தடவை தொலைச்சே. இப்ப ரெண்டாவது தடவையும் தொலைச்சிட்டியா?"

"உனக்கு வலிக்குமேன்னுதான்க்கா…"

"கையைத் தூக்கினதும் நிறுத்தினா பல்லு எப்படா வெளிய வரும்? நான் கையைத் தூக்கவே இல்லையேடா." புத்தகத்தைத் திரும்பக் கைப்பைக்குள் வைத்தாள். "வரேன், பஸ்ஸுக்கு நேரமாச்சு."

வீட்டுக்குத் திரும்பி வாசல் கதவைத் திறக்கும்போது மனைவி, "நான் படிச்சதிலேயே எனக்குப் பிடிச்சது அந்த ஷூதாங்க. நீங்க கேக்கலை, நானும் சொல்லலை" என்றாள்.

டாக்டர் மச்சானைக் கூப்பிட்டார். முதல் ஃபைல் இருக்கிறதா என்று கேட்டார். மச்சான் தேடினான். 'ஃபைனல்', 'ஃபைனல் புதுசு', 'சத்தியமா ஃபைனல்', 'அத்தை ஃபைனல்', 'பூனை' என்று வரிசையாக இருந்ததற்கெல்லாம் அடியில் அது பத்திரமாக இருந்தது.

"இதையே ஏத்தினா எல்லாரும் மறுபடியும் போன் பண்ணுவாங்களே மாமா?"

"பண்ணட்டும். அக்காவுக்கு ஒரு காப்பி ஆர்டர் போடு."

முதல் ஃபைல் மறுபடி ஏறியது. புத்தகத்துக்கு முதுகும் திரும்பி வந்தது. அண்ணன் போனில் கத்தினான். டாக்டர் கேட்டார், வியர்த்தார், ஆனால் மாற்றவில்லை. அத்தை இரண்டு நாள் பேசாமல் இருந்துவிட்டு, அசல் பிரதியில் தன் பெட்டியைப் பற்றி என்ன இருக்கிறது என்று பார்க்க ஆளனுப்பினாள். சித்தப்பா, அண்ணனைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று தெரிந்துகொள்ள ஒன்று வாங்கினார். அண்ணன், சித்தப்பாவின் சோபாவைத் தன் மருமகளுக்குக் காட்ட இரண்டு வாங்கினான். தன்னைப் பற்றி எழுதியது நெஞ்சை அடைக்கும். அடுத்தவனைப் பற்றி எழுதியதோ வெல்லக்கட்டி. இந்தச் சூட்சுமம் முன்பே தெரிந்திருந்தால் பூனைக்கு வேலையே இருந்திருக்காது.

அக்காவிடமிருந்து மட்டும் ஒன்றும் வரவில்லை. பிரதி கிடைத்துவிட்டது என்று கூரியர் ரசீதில் இருந்த அவள் கையெழுத்து காட்டியது. அதற்கு மேல் தகவல் இல்லை. டாக்டர் போனை எடுப்பார், வைப்பார். நோயாளிகளிடம் கதை சொல்வதைக்கூட நிறுத்திவிட்டார். சிலர் அதைக் கவனித்து, டாக்டருக்கு உடம்பு சரியில்லையா என்று மனைவியிடம் விசாரித்தார்கள். சிலர் நிம்மதியாகப் பல்லைக் கட்டிக்கொண்டு போனார்கள்.

ஒரு சாயங்காலம் அக்கா கிளினிக் படியேறி வந்தாள். கன்னம் வீங்கியிருந்தது.

"கடைவாய்ப் பல்லு. ரெண்டு வாரமா வலி. எடுத்துடு."

"முன்னாடியே வந்திருக்கலாம்லக்கா."

"படிச்சு முடிச்சுட்டு வரலாம்னு இருந்தேன்" என்று சொல்லிவிட்டு, அவள் பாட்டுக்குப் போய் நாற்காலியில் சாய்ந்து வாயைத் திறந்தாள்.

டாக்டர் ஊசி போட்டார், மரத்துப்போகும்வரை காத்திருந்தார், பஞ்சு வைத்தார், குறடை எடுத்தார். படித்து முடித்துவிட்டாள். என்ன நினைக்கிறாள்? இத்தனை வருடமாக, பதில் சொல்ல முடியாத வாய்களிடம் 'எப்படி இருக்கு' என்று கேட்டவருக்கு, இப்போது கேட்க வாய் வரவில்லை. சட்டத்தைச் சொல்லவும் மறந்துவிட்டார். பல்லைப் பிடித்து மெல்ல அசைத்தார்.

அக்கா இடது கையைத் தூக்கினாள்.

டாக்டர் குறடைக் கீழே போட்டார். இரண்டடி பின்னால் போனார். முகம் வெளுத்தது. முடிந்தது, தாங்கிக்கொள்ளவில்லை, எழுதியிருக்கவே கூடாது என்று நினைத்தார்.

அக்கா எழுந்து உட்கார்ந்து, பஞ்சை எடுத்து, தொட்டியில் துப்பினாள். பாதி மரத்துப்போன வாயால் நிதானமாகப் பேசினாள்.

"பல்லு வலிக்கல. புக்ல ஒரு தப்பு இருக்கு. அதை முதல்ல சொல்லிடறேன், அப்புறம் வாய் வீங்கிக்கும்."

"என்னக்கா தப்பு?"

"ஓர் அறைன்னு எழுதியிருக்கே. ரெண்டுடா. ஷூவுக்கு ஒண்ணு. அதுக்கப்புறமும் நீ என் முகத்தையே பார்த்துக்கிட்டு நின்னியே, ஓடிப் போகாம, அதுக்கு ஒண்ணு. அந்த ரெண்டாவது அறையை நினைச்சுத்தான் உள்ள போய்க் குழாயைத் திறந்தேன். ஷூவுக்கெல்லாம் நான் அழுவேனாடா?"

நாற்பது வருடமாக டாக்டர் அந்த அழுகை ஷூவுக்கென்றே நினைத்திருந்தார். முகக்கவசம் கண்ணீரில் ஈரமாகி மூக்கில் ஒட்டிக்கொண்டது. கையுறையோடு துடைக்கவும் முடியவில்லை.

"மாத்திடவாக்கா?" என்று ஒரு வழியாகக் கேட்டார்.

"மாத்து. அது ஒண்ணை மட்டும். வேற எதையாவது தொட்டே, மூணாவது விழும்."

மறுபடி சாய்ந்தாள். விளக்கைத் தானே இழுத்துச் சரி செய்தாள். வாயைத் திறப்பதற்கு முன்னால் அவரைப் பார்த்து, "ம், இப்ப எடு. கையைத் தூக்கினாலும் நிறுத்தாதே" என்றாள்.

டாக்டர் புதுக் குறடு எடுத்துக்கொண்டார். நடுவில் அவள் கை ஒருமுறை உயர்ந்தது. அவர் நிறுத்தவில்லை. பல் வந்துவிட்டது.